தோட்டாக் கூடும் ஆட்டுக் காதும்

இவத்த உக்காரு கண்ணு, எடம் இருக்குது. பையை நான் மடில வெச்சுக்கறேன். மேல வெக்க வேண்டாம், உள்ள மைசூர்பாகு இருக்குது, நசுங்கிப் போயிரும். அப்பறம் ஒரு தோட்டாவும் இருக்குது. பயந்துக்காத. சுட்டு முடிச்ச வெத்துக் கூடுதான், அதுல ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லீங்கறதும் பொய்யி, அதுல ரெண்டு பிறை இருக்குது. அதைக் கேக்கத்தான் இத்தனை தூரம் போறேன்.

அந்த ஷட்டரைச் சித்த எறக்கு, சாரல் அடிக்குது. எறங்க மாட்டீங்குதா? விடு, இந்த பஸ்ஸுல எது எறங்குது. நீ தாராபுரமா? நான் அதுக்கு முன்னாடியே கரட்டுப்பாளையம் பிரிவுல எறங்கிக்குவேன். நீயும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்க. பேச ஆரம்பிச்சா எனக்கு ஸ்டாப்பு கண்ணுக்குத் தெரியாது.

என்ற பேரு தெய்வானை. பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்தேன். என்.சி.சி.யும் நான்தான் பாத்தேன், துப்பாக்கி பழகுனது அங்கதான். கல்யாணம் ஆகல. தம்பிக்கு, தங்கச்சிக்குன்னு பண்ணிட்டு நிமுந்து பாத்தா எனக்குத் தலை நரைச்சிருச்சு. அதுக்கெல்லாம் வெசனப்படற ஆளில்ல நானு. ஆனா ரிட்டையர் ஆனதுக்கப்பறம் பாரு, அதுதான் கஷ்டமாப் போச்சு. தம்பி பொண்டாட்டி நல்லவதான், ஆனா காத்தாலருந்து பொழுதுக்கும் ரெஸ்ட் எடுங்க ரெஸ்ட் எடுங்கன்னே சொல்லுவா. ஓடுன காலு எப்படி ரெஸ்ட் எடுக்கும்? அதுதான் ரைபிள் கிளப்புல போய்ச் சேந்துக்கிட்டேன்.

அங்க எனக்கு ஒரு மேசை குடுத்திருக்கறாங்க. பூட்டுப் போட்ட மேசை, சாவி என்றகிட்ட. என்ன வேலைன்னு கேளு. ரைபிள் சுட்டா குண்டு போயிரும், பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். இட்லித் தட்டு மாதிரின்னு வெச்சுக்க. இட்லியைத் தின்னுப்போட்டா தட்டை வீசிர்றமா? அந்தக் கூட்டைக் கழுவி, புது வெடிமருந்து போட்டு, புதுக் குண்டு சொருகி மறுக்காச் சுடலாம். எங்க கிளப்புல அதுக்குப் பர்மிசன் இருக்குது. ஆனா எல்லாக் கூட்டையும் அப்படிப் பண்ணப்படாது. வாயில கீறல் விட்டிருக்கும், அடி உப்பியிருக்கும், உள்ளுக்குள்ள வட்டமாத் தேஞ்சிருக்கும். அதையும் சேத்து அடைச்சுச் சுட்டேன்னு வெய்யி, மூஞ்சிக்கு நேரா வெடிச்சுப்போடும். அதனால ஒவ்வொரு கூடா எடுத்து, என்ன தடம் இருக்குது, எதனால வந்துதுன்னு பாத்துச் சொல்ற ஆள் வேணும். அது நான்தான்.

எப்படிப் பாப்பேன் தெரியுமா? வெளிய லென்ஸு வெச்சுப் பாப்பேன். உள்ள பாக்கறதுக்கு இதா, தலையில இருக்குது பாரு, இந்தக் கொண்டை ஊசி. நுனியைச் சித்த வளைச்சு வெச்சிருக்கறேன். கூட்டுக்குள்ள விட்டு அடியில இருந்து மேல இழுத்தா, பள்ளம் இருக்கற எடத்துல டக்குன்னு தட்டும். ஞாயித்துக்கெழமையானா பெரிய பெரிய ஆளுங்க, மில் ஓனரு, வக்கீலு, அல்லாரும் கூட்டை ஏந்திக்கிட்டு என்ற முன்னாடி வரிசையா நிப்பாங்க. பாஸுங்களா டீச்சர், பாஸுங்களான்னு கேப்பாங்க. ஊட்டுல என்றகிட்ட யாரும் எதையும் கேக்கறதில்ல கண்ணு. அந்த மேசையிலதான் கேக்கறாங்க. அந்தச் சாவி போச்சுன்னா நான் ரெஸ்ட் எடுத்தே செத்துப் போயிருவேன், நெசமாச் சொல்றேன்.

அந்தச் சாவிக்குத்தான் ஆபத்து வந்துது. யாரால? மாட்டு டாக்டரால.

நாச்சிமுத்து டாக்டருன்னு பேரு. கவுருமெண்டுல மாட்டு ஆஸ்பத்திரில இருந்து ரிட்டையர் ஆனவரு. சம்சாரம் தவறி நெம்ப நாளாச்சு, கரட்டுப்பாளையத்துல அக்காகூட இருக்கறாரு, ஆட்டுப் பட்டி வெச்சிருக்கறாரு. சாந்தமான ஆளு. அவரு கிளப்புல சேந்து கொஞ்ச நாள் ஒண்ணும் இல்ல, கூடெல்லாம் சுத்தமா இருந்துது. நானும் பாஸு பாஸுன்னு டப்பால போட்டுட்டு அடுத்த ஆளுன்னு போயிருவேன். ஒரு நாளு பாத்தா, ஒரு கூட்டோட அடி விளிம்புல சின்னதா ஒரு கடி. பிறைச் சந்திரன் மாதிரி, நெகம் வெச்சு அழுத்துன மாதிரி. வேற யாரு கூட்டுலயும் அது இல்ல. நான் அப்படியே நிமுந்து உக்காந்துட்டேன்.

ஏன்னா அந்த விளிம்பைத்தான் துப்பாக்கியோட கொக்கி புடிச்சு வெளிய இழுக்கும். அதுல கடி விழுந்திருந்தா என்ன அர்த்தம்? கூடு உள்ள உப்பிப் புடிச்சுக்குது, கொக்கி பலவந்தமாப் புடுங்குது. துப்பாக்கில கோளாறு, இல்லாட்டி மருந்துல கோளாறு. நான் கூப்புட்டு உக்கார வெச்சேன். ஏனுங்க டாக்டர், துப்பாக்கி இறுக்கமா இருக்குதுங்களா? இல்லீங்க டீச்சர். மழையில நனைஞ்சுதுங்களா? இல்லீங்க டீச்சர். யாருக்காச்சும் குடுத்தீங்களா? இல்லீங்க டீச்சர். எல்லாத்துக்கும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்றாரு. இத்தனை பெரிய ஆபத்தை வெச்சுக்கிட்டு ஒரு மனுசன் சிரிப்பானா?

அடுத்த வாரம் ரெண்டு கூட்டுல பிறை. அதுக்கடுத்த வாரம் எல்லாத்துலயும் பிறை. நானும் வாரம் தவறாமக் கூப்புட்டு உக்கார வெச்சுக் கேள்வி கேக்கறேன். அவரு பிளாஸ்க்குல சுக்குக் காப்பி கொண்டுட்டு வருவாரு. அப்பறம் கொய்யாப்பழம். அப்பறம் நொங்கு, அதுவும் தோலு உரிச்சு, தூக்குப்போசில போட்டு. எனக்குப் புரிஞ்சு போச்சு, இது லஞ்சம். கோளாறான கூட்டைப் பாஸ் போடறதுக்கு மனுசன் தூண்டில் போடறாரு. நான் நொங்கைத் தின்னுப்போட்டேன். கூட்டைப் பாஸ் போடல. தின்ன வாயால ஃபெயிலுன்னு சொல்றதுக்கு எத்தனை நெஞ்சழுத்தம் வேணும் பாரு.

கடைசில நான் எந்திரிச்சு, எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிப்போட்டேன். டாக்டரோட துப்பாக்கி ஆபத்தானது, ரிப்பேர் பாக்கற வரைக்கும் இந்த மைதானத்துல அது சுடப்படாது. ஜில்லா மேட்ச் வேற கிட்ட வந்துட்டிருந்துது. மத்தவங்களா இருந்தா என்னையக் கடிச்சுக் கொதறியிருப்பாங்க. இவரு, டீச்சர் சொன்னாச் சரிங்கன்னு துப்பாக்கியைக் கொண்டு போய் கிளப்பு அலமாரில வெச்சுப்போட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்தாரு. துப்பாக்கி இல்ல, தோட்டா இல்ல. காப்பி மட்டும். சுடாத ஆளு ரைபிள் கிளப்புக்கு எதுக்கு வரோணும்? பாவம், போக்கெடம் இல்லையாட்ட இருக்குதுன்னு ஒரு ஸ்டூலைப் போட்டுக் குடுத்தேன்.

எங்க செக்ரட்டரி வக்கீல் தண்டபாணி. அவருக்கு அந்த மேசை மேல ரொம்ப நாளாக் கண்ணு, மச்சினனை உக்கார வெக்கோணும்னு. ஊட்டியில இருந்து துப்பாக்கி ரிப்பேர்காரரை வரச் சொன்னாரு. அன்னைக்கு டாக்டரு வரல, அக்காளுக்குக் கண்ணு ஆப்பரேசன்னு கோயமுத்தூர் போயிட்டாரு. ரிப்பேர்காரரு அலமாரில இருந்த துப்பாக்கியை அக்குவேறா ஆணிவேறா கழட்டிப் பாத்தாரு. ஒரு குத்தமும் இல்லீங்க, கொக்கி கண்ணாடியாட்ட இருக்குதுங்கறாரு. நான் விடுவனா? நானே அந்தத் துப்பாக்கியை வாங்கிப் படுத்துச் சுட்டுப் பாத்தேன். கூடு சுத்தமா வருது. மறுக்காச் சுட்டேன், சுத்தம். லென்ஸு வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். பிறை எங்க போச்சு?

தண்டபாணி தொண்டையைக் கனைச்சாரு. டீச்சர், உங்களுக்கும் வயசாகுதல்லங்க, கண்ணு முன்ன மாதிரி இருக்காது, கருப்பராயன் பூசையன்னைக்கு எல்லாரும் இருக்கறப்ப மரியாதையாச் சாவியைக் குடுத்துப்போடுங்கன்னாரு. என்ற கண்ணைச் சொல்லிப்போட்டாரு கண்ணு. ஊட்டுக்கு வந்து சோறு எறங்கல. பிறை விழுந்த கூட்டையெல்லாம் தலகாணிக்கடில வெச்சுக்கிட்டு உருட்டி உருட்டிப் பாத்தேன். தடம் இருக்குது, பொய்யில்ல. ஆனா துப்பாக்கி போடல. அப்ப யாரு போட்டது?

கருப்பராயன் பூசை உனக்குத் தெரியுமா? நீ கொங்குநாட்டுப் புள்ளதான, தெரிஞ்சிருக்கும். எங்க மைதானத்து மூலையில கருப்பராயன் இருக்கறாரு. மேட்சுக்கு முன்னாடி அவருக்கு ஒரு கெடா வெட்டி விருந்து போடறது வழக்கம். குண்டு பக்கவாட்டுல போயி யாரு மேலயும் படப்படாதுன்னு வேண்டுதல். இந்தத் தடவை கெடா டாக்டரு குடுத்தாரு. கறுப்புக் கெடா, நல்லா உருட்டிக்கட்டை மாதிரி இருந்துது. பூசாரி மாலை போட்டு மஞ்சத்தண்ணி தெளிச்சாரு. ஆடு துலுக்கோணும். மேலெல்லாம் ஒரு உலுக்கு உலுக்கித் துலுக்குனாத்தான் சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு அர்த்தம். துலுக்கற வரைக்கும் கத்தி எடுக்க முடியாது.

அது துலுக்க மாட்டீங்குது. பூசாரி மறுக்காத் தெளிச்சாரு. ஆடு ஆகாசத்தைப் பாத்துட்டு நிக்குது. கிளப்பு மொத்தமும் ஆட்டையே பாத்துட்டு நிக்குது. நான் சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு முன்னாடி நிக்கறேன். பூசை முடிஞ்சாச் சாவி போயிரும். அதனால மனசுக்குள்ள, துலுக்காத சாமி, துலுக்காதன்னு வேண்டிக்கிட்டு நிக்கறேன். டாக்டரு பக்கத்துல வந்து, என்னங்க டீச்சர் மூஞ்சி வாடியிருக்குதுன்னு கேட்டாரு. அப்பத்தான் சாவி விசயத்தை அவருகிட்டச் சொன்னேன். மனுசனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ஏனுங்க டீச்சர், நான் ஒண்ணு சொல்லோணும்னு ஆரம்பிச்சாரு. பேசாம இருங்கன்னு அதட்டுனேன். ஏன்னா அந்நேரத்துக்கு என்ற கண்ணு ஆட்டுக் காதுல நட்டுக்கிச்சு.

தண்ணியில நனைஞ்சு காது பளபளன்னு தொங்குது. ஓரத்துல ஒரு வெட்டு. சின்னதா, பிறைச் சந்திரன் மாதிரி.

எனக்கு எப்படி இருந்துதுன்னா, மைதானத்தைச் சுத்தி ஓடோணும் போல இருந்துது. பையில இருந்து லென்ஸை எடுத்தேன், கூட்டை எடுத்தேன், ஆட்டு முன்னாடி மண்டி போட்டு உக்காந்து காதைப் புடிச்சு நிமுத்தி, ஒரு பக்கம் கூடு, ஒரு பக்கம் காது, மாத்தி மாத்திப் பாத்தேன். பூசாரி, ஏனம்மா சாமி காரியம் நடக்குதுங்கறாரு. தண்டபாணி, டீச்சருக்குச் சித்தம் கலங்கிருச்சுங்கறாரு. நான் காதுலயே போட்டுக்கல. அதே வளைவு, அதே அளவு. ஒரு பக்க முனை சித்த மழுங்கலா இருக்கும், அந்த மழுங்கல்கூட அப்படியே இருக்குது. ஆட்டுக்கு அடையாளம் போடறதுக்குக் காது வெட்டற இடுக்கி இருக்குமல்ல, அந்த இடுக்கிதான் கூட்டைக் கடிச்சிருக்குது. பித்தளை வெட்டுப்படல, தடம் மட்டும் விழுந்திருக்குது.

பி.டி. டீச்சரு பையில விசில் இல்லாம இருக்குமா? எடுத்து ஊதுனேன் பாரு. ஆட்டை யாரும் தொடப்படாது, அது சாட்சின்னேன். இது துப்பாக்கி போட்ட தடம் இல்ல, இடுக்கி போட்ட தடம், கையில இடுக்கியைப் புடிச்சவரு இந்த டாக்டரு. என்ற கண்ணுக்கு வயசாகலீங்க வக்கீலய்யா, வந்து நீங்களே பாருங்கன்னேன். அவரும் வேட்டியை ஒதுக்கிக்கிட்டு மண்டி போட்டுப் பாத்தாரு. எந்திரிச்சு டாக்டரைக் கேட்டாரு, ஏனுங்க, உங்க கூட்டை நீங்களே எதுக்குங்க கடிச்சு வெக்கறீங்கன்னு.

டாக்டரு ஆட்டையே பாத்துட்டுச் சொன்னாரு. தப்பு என்ற மேலதானுங்க, சாவி டீச்சர்கிட்டத்தான் இருக்கோணும். தடம் இருந்தாத்தானுங்க டீச்சர் கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசறாங்க, இல்லாட்டி பாஸுன்னு டப்பால போட்டுட்டு அடுத்த ஆளுன்னு போயிர்றாங்க. அப்படீன்னாரு.

அதைக் கேட்டு அத்தனை பேரும் சிரிக்கறாங்க. பூசாரி கத்தியைக் கீழ வெச்சுப்போட்டுச் சிரிக்கறாரு. தண்டபாணிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, சாவியை நீங்களே வெச்சுக்குங்க டீச்சர், ஆயுசுக்கும் வெச்சுக்குங்கங்கறாரு. எனக்கும் சிரிப்பு வந்துது, கெலிச்சது நான்தான. டாக்டரு என்னையப் பரீட்சை பண்ணியிருக்கறாரு, அவ்வளவுதான். இந்தப் பொம்பளை கண்டுபுடிக்கறாளா இல்லையான்னு வாரம் வாரம் தடம் போட்டு வெச்சுப் பாத்திருக்கறாரு. மாட்டு டாக்டருங்க எதையும் சோதிச்சுப் பாத்துத்தான் நம்புவாங்க. நீ எதுக்குக் கண்ணு சிரிக்கற? நீயும் அவங்களாட்டவே சிரிக்கற.

ஆடா? ஆடு தப்பிச்சுக்கிச்சு. கடைசி வரைக்கும் துலுக்கவே இல்ல. பூசாரி, சாமிக்கே இஷ்டம் இல்ல, சேவலை அறுத்துக்கலாம்னுட்டாரு. கறிக்குழம்புக்கு வந்தவங்க மூஞ்சியைப் பாக்கோணுமே. டாக்டரு அங்கயே வண்டியில இருந்து அந்த இடுக்கியைக் கொண்டாந்து, மருந்து தடவி, அதே காதுல பக்கத்துலயே இன்னொரு பிறை வெட்டுனாரு. எதுக்குங்கன்னு கேட்டேன். ஒத்தப் பிறைன்னா எங்க பட்டி ஆடுங்க, சந்தைக்கும் போகும், விருந்துக்கும் போகும். ரெட்டைப் பிறை போட்டுட்டா விக்க மாட்டம், வெட்ட மாட்டம், கடைசி வரைக்கும் எங்க ஊட்டோடயே இருக்கறதுங்கன்னாரு. ஆட்டுக்கு என்ன யோகம் பாரு.

அப்பறம் ஜில்லா மேட்ச் வந்துது. டாக்டரு சுட்டாரு. கடைசிக்கு முந்தின எடம். எப்படி வரும் நல்ல எடம்? நான் அவருக்குப் பின்னாடி கூட்டத்துல நிக்கறேன், திரும்பித் திரும்பிப் பின்னாடியே பாத்துட்டிருக்கறாரு. டார்கெட்டு முன்னாடிங்க டாக்டருன்னு கத்திக்கூடச் சொன்னேன். முடிஞ்சதும் நேரா வந்தாரு. கை வேர்த்திருந்துது அவருக்கு. ஒரு கூட்டை என்ற உள்ளங்கையில வெச்சு வெரலை மடக்கி மூடுனாரு. டீச்சர், இதை நல்லாப் பாருங்க, பாஸா ஃபெயிலான்னு ஊட்டுக்கு வந்து சொல்லுங்க, அக்காவும் பாக்கோணுங்கறாங்கன்னாரு. வேற ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு.

இதாம் பாரு, தைரியமாக் கையில வாங்கிப் பாரு. விளிம்புல தெரியுதா? பக்கத்துல பக்கத்துல ரெண்டு. ஒரு வாரமா இதே சோலியா இருக்கறேன். லென்ஸு வெச்சுப் பாத்தாச்சு, ஊசி விட்டுப் பாத்தாச்சு. ஊசி எங்கயும் தட்டல, சுத்தமான கூடு. தடம் இடுக்கித் தடந்தான், அது தெரியுது. ஒண்ணு போட்டா நான் கூப்படறதுக்கு. ரெண்டு எதுக்கு? ரெண்டு தடவை கூப்படோணுமா? இதைக் கண்டுபுடிக்காம விட்டா எனக்கு என்ன மரியாதை? அதுதான் நேர்ல கேட்டுப்போட்டு வரலாம்னு கெளம்புனேன். சேலை புதுசுதான், நல்லாருக்குதா? கிளப்பு விசயமாப் போறதுனால கட்டிக்கிட்டேன். பூவு தம்பி பொண்டாட்டி வெச்சு உட்டா. அவளும் சிரிச்சுக்கிட்டேதான் வெச்சா. இன்னைக்கு எல்லாருக்கும் என்ன வந்துதோ தெரியல.

என்ன சொல்ற? ஆட்டுக்கு ரெண்டு போட்டா என்னன்னா? அதுதான் சொன்னேனே கண்ணு, விக்க மாட்டாங்க, வெட்ட மாட்டாங்க, கடைசி வரைக்கும் அவங்க ஊட்டோடயே.

சித்த இரு.

அது ஆடு கண்ணு. இது தோட்டா. இதை என்ற கையிலதான குடுத்தாரு.

அட கெரகமே. நொங்கு உரிச்சுக் கொண்டுட்டு வந்தாரு கண்ணு. தோலு ஒரு பொட்டு இல்லாம உரிச்சு. நான் ஃபெயிலுன்னு சொல்லிப்போட்டேன். ஸ்டூலு போட்டுக் குடுத்தேன், பாவம் போக்கெடம் இல்லைன்னு. ஊருல உள்ள தடமெல்லாம் எனக்குத் தெரியுது, இது தெரியல பாரு. மனுசன் என்னைய ஆட்டுக் கணக்குல சேத்துப்போட்டாரு. பொண்ணு கேக்கறதுக்கு இப்படியா கேப்பாங்க? இந்த வயசுல. என்ற தலை நரைச்சதே அவரு கண்ணுக்குத் தெரியலையாட்ட இருக்குது. சிரிக்காத நீ. இரு, எனக்கே சிரிப்பு வருது. மைசூர்பாகைப் புடி, சிரிச்சுச் சிரிச்சுக் கீழ போட்டுருவேன். நான் எறங்கல, தாராபுரமே வந்துர்றேன். அங்க இருந்து திரும்பிப் போற பஸ்ஸைப் புடிச்சுக்கறேன். என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்த ஊட்டுக்குள்ள போறது, பாஸுன்னு சொல்றதா, என்னான்னு சொல்றது.

அய்யோ, லாரிக்காரன் தண்ணியை வாரி எறைச்சுட்டுப் போறான் பாரு. ஷட்டரு எறங்காததுக்கு இதுதான் கெடைக்குது. மூஞ்சியெல்லாம், பூவெல்லாம், ஷ்ஷ், சில்லுன்னு இருக்குது.

கண்ணு. நீ பாத்தயா?

மேலெல்லாம் ஒரு உலுக்கு உலுக்கிருச்சு. உச்சந்தலையில இருந்து பாதம் வரைக்கும். நானா உலுக்கல, சத்தியமா, அதாத் துலுக்கிருச்சு. நீ பக்கத்துல இருந்து பாத்தீல்ல?

கண்டக்டருங்க, விசில் போடுங்க, கரட்டுப்பாளையம் பிரிவு வந்துருச்சுங்க. அந்தக் கூட்டைக் குடு கண்ணு, மைசூர்பாகையும் குடு. பூவு கோணலா இருந்தாச் சரி பண்ணி உடு. துலுக்கிப்போட்டேனல்ல, இனி எறங்கித்தான் ஆகோணும்.